தாங்கியின் சகிப்புத்தன்மை

கொட்டாஞ்சேனைப் பம்ப் வீட்டில் இரண்டு பம்புகள் இருந்தன. இரண்டாவது பம்ப் மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை முனகத் தொடங்கியது. போர்மன் லோகேஸ்வரன் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் நுனியைப் பம்பின் முதுகில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். உள்ளே யாரோ சரளைக்கல்லை மென்றுகொண்டிருந்தார்கள். சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் போய்விட்டது.

அவருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தலைநகர மழைநீர் அகற்றல் அதிகாரசபையில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்தவர். பெயரிங் என்றால் போகும். போனால் புதிதைப் போட வேண்டும். சாமான் கையில் இருந்தால் இரண்டு மணித்தியால வேலை. பென்சன் எடுக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் இதைப்போல இன்னும் நாலைந்து பெயரிங் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தார்.

மழை பெய்தால் சுற்றுவட்டாரத்துத் தண்ணீர் முழுவதும் பம்ப் வீட்டின் கிடங்குக் குழிக்கு வந்து சேரும். இரண்டு பம்பும் சேர்ந்து அதை இழுத்துக் கடலுக்குப் போகும் குழாயில் தள்ளும். இரண்டும் ஓடினால் பின்பக்கத்துப் பலாமரத் தோட்டத்தில் எண்பது வீடுகளிலும் அடுப்பு எரியும். ஒன்று மட்டும் ஓடினால் அந்த எண்பது வீடுகளுக்குள்ளும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். பலாமரத் தோட்டத்தில் பலாமரம் கிடையாது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளும், நடுவில் ஒரு பொதுக் குழாயும்தான்.

முதல் வீட்டில் சீனியம்மா இருந்தாள். ஹட்டன் பக்கத்திலிருந்து கலியாணமாகி வந்தவள். புருஷன் போன பிறகு, விடியற்காலையில் இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். பம்ப் வீட்டுச் சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அதனால் பம்பின் உடல்நிலை அவளுக்கு லோகேஸ்வரனைவிட முந்தித் தெரியும்.

"ஐயா, ரெண்டாவதுக்கு என்னாங்க? ரெண்டு நாளா இருமுற மாதிரி கேக்குதுங்க."

"பெயரிங் அம்மா. எழுதி அனுப்பப் போறன். மே மழைக்கு முதல் வந்திடும்."

"வந்துருமுங்களா?"

"சின்னச் சாமான்தானே" என்றார் லோகேஸ்வரன். அந்த வருடத்தில் அவர் நம்பிக்கையோடு சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

உதிரிப்பாகக் கோரிக்கைப் படிவத்தில் அவர் எழுதியது இவ்வளவு: பெயரிங் இலக்கம் 6312. உள் இடைவெளி C3. தர வகுப்பு 0.

ஒன்பது நாளில் படிவம் திரும்பி வந்தது. 'தர வகுப்பு என்னும் கட்டம் நிரப்பப்படவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. தான் போட்ட பூச்சியத்தைச் சுற்றி இன்னொரு சிவப்புப் பூச்சியம் இருந்ததை லோகேஸ்வரன் கண்டார். பக்கத்தில் 'சாதாரணம்' என்று எழுத்தில் எழுதித் திரும்ப அனுப்பினார்.

இம்முறை தட்டச்சு செய்த கடிதமே வந்தது. 'உன்னதம் நோக்கிய பாய்ச்சல் என்னும் ஐந்தாண்டுத் திட்டத்தின் கீழ் இவ்வதிகாரசபை சாதாரணமான எதனையும் கொள்வனவு செய்வதில்லை என்பதை இத்தால் அறியத்தருகிறேன். தாங்கள் எதிர்வரும் புதன்கிழமை நுணுக்கத் தரத் தெரிவுக் குழுவின் முன் தோன்றவும்.'

கடிதம் கிடைத்த அன்றே கொள்வனவுப் பிரிவிலிருந்து பற்றிக் போன் எடுத்தான். இருவரும் ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்ன மச்சான், 'சாதாரணம்' எண்டா எழுதினாய்? வேற வார்த்தை கிடைக்கேல்லையா?"

"அந்த வகுப்பின்ர பேரே அதுதானே பற்றிக்."

"பேர் என்னவா இருந்தா என்ன? போன மாசம் கூட்டுறதுக்குச் சாதாரணத் தும்புத்தடி கேட்ட ஒரு மனுஷன் இப்பவும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்குது."

அதிகாரசபையின் தலைமையகம் கொம்பனித்தெருவில் புதிதாக எழும்பிய கோபுரமொன்றின் பத்தொன்பதாம் மாடியில் இருந்தது. அங்கேயிருந்து பார்த்தால் மழை மிகவும் அழகாகத் தெரியும். வெள்ளம் தெரியாது.

குழுவில் ஏழு பேர். தலைவர் நமசிவாயம். பணிப்பாளர் நாயகம். தண்ணீர் பற்றி மூன்று நாடுகளில் கட்டுரை வாசித்தவர். அவருக்கு வலப்பக்கம் உள்ளகக் கணக்காய்வு அதிகாரி பர்ஹா ஒரு தடித்த கோப்புடன் இருந்தாள். மற்ற ஐவரும் தலைவர் தலையசைக்கும்போது தலையசைப்பதற்காக இருந்தார்கள்.

"லோகேஸ்வரன்" என்று நமசிவாயம் கனிவாகத் தொடங்கினார். "நீங்கள் களத்தில நிக்கிற ஆள். உங்கட கண்ணுக்குச் சேறு தெரியும். எங்கட கண்ணுக்கு அதிகாரசபையின்ர பெயர் தெரியும். நாளைக்கு ஒரு வெளிநாட்டுத் தூதுக்குழு வந்து, 'உங்கட பம்பில என்ன தரம் பாவிக்கிறியள்?' எண்டு கேட்டால், நான் எழும்பி நிண்டு சைபர் எண்டு சொல்லுறதே?"

"அவையள் அப்பிடிக் கேக்கமாட்டினம் சேர்."

"பதினொரு வருஷமாய் ஒருத்தரும் கேக்கேல்லைத்தான். அதுக்காக நாங்கள் தயாராகாமல் இருக்கலாமே?"

ஐந்து தலைகளும் அசைந்தன. வேறு என்னென்ன வகுப்புகள் உண்டு என்று தலைவர் கேட்டார்.

லோகேஸ்வரன் தன்னால் முடிந்தமட்டும் விளக்கினார். "சைபர் எண்டது சாதாரண வேலைக்கு. அதுக்கு மேல ஆறு, ஐஞ்சு, நாலு, ரெண்டு. இலக்கம் குறையக் குறைய நுணுக்கம் கூடும்."

"அப்ப எல்லாத்தையும்விட நுணுக்கம் சைபர்."

"இல்லை சேர். சைபர்தான் ஆகக் குறைஞ்சது."

ஒருவர் குறிப்பேட்டில் 'முரண்பாடு' என்று எழுதி அடிக்கோடு இட்டார்.

"ஒண்டும் மூண்டும் எங்க?" என்றார் நமசிவாயம்.

"அப்பிடி வகுப்பு இல்லை சேர்."

"இல்லையெண்டால்? ஆர் எடுத்தது?"

பர்ஹா கோப்பைத் திறந்து, காணாமற்போன இரண்டு வகுப்புகள் என்று பதிந்துகொண்டாள்.

"சேர், தயவுசெய்து கேளுங்கோ" என்றார் லோகேஸ்வரன். "ஆறு, ஐஞ்செல்லாம் நல்ல கடைசல் மெஷினுகளுக்கு. ரெண்டாம் வகுப்பு ஆய்வுகூடத்துக் கருவியளுக்கு. எங்கட பம்ப் சாக்கடைக்குப் பக்கத்தில நிக்குது. அதின்ர தண்டே ஒரு தலைமயிர் மொத்தத்துக்குக் கோணி ஆடுது. அந்தத் தண்டில ஆய்வுகூடத்துப் பெயரிங்கைப் போட்டால் அந்த நுணுக்கம் ஒண்டுக்கும் உதவாது. அதோட அது இறுக்கமாய் இருக்கும். எங்களுக்கு C3 இடைவெளிதான் வேணும்."

"இந்த சீ மூண்டு என்டது என்ன மாஸ்டர்?" என்று பர்ஹா நிமிர்ந்தாள்.

"உள்ளுக்குக் கொஞ்சம் கூடுதலாய் இடம் விட்டுச் செய்யிறது மிஸ். பம்ப் சூடாகேக்க இரும்பு ஊதும். அந்த இடம் இல்லாட்டி இறுகி நிண்டிடும்."

"அப்ப லூசான சாமான். அரசாங்கச் சல்லியில லூசான சாமான் வாங்கணும் என்டு செல்றீங்க."

"லூஸ் இல்லை மிஸ், தேவையான இடைவெளி..."

"மாஸ்டர், நான் ஓடிட்ல பதினாலு வருஷமா ஈக்கிறன். ஒரு சாமான் வேலை செய்யுதா என்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. ஃபைல்ல இறுக்கமா ஈக்குதா என்டுதான் பார்ப்பன். லூசா ஒண்ட வாங்கினா அது என்ட ஃபைல்ல ஆடும்."

கூட்டம் தேநீரோடு முடிந்தது. அவர் கோட்டையில் ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது மனைவி நாகேஸ்வரி, "என்னப்பா, முகம் இப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

"ஆறுக்கும் சைபருக்கும் விளக்கம் குடுத்துக் களைச்சுப் போனன்."

"பிள்ளையளுக்கே?"

"பணிப்பாளர் நாயகத்துக்கு."

ஏப்ரல் மாதம் புதுவருட விடுமுறையில் போயிற்று. மே முதற்கிழமை ஒரு புதிய படிவம் வந்தது. பொறியியலாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியதை மொழிபெயர்ப்புப் பிரிவு தமிழாக்கியிருந்தது. அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்பதை ஆங்கிலத்தில் 'டொலரன்ஸ்' என்பார்கள்; அதற்குப் பள்ளிக்கூடத்தில் 'பொறுதி' என்று படித்தது லோகேஸ்வரனுக்கு நினைவிருந்தது. மொழிபெயர்ப்பாளர் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் அல்லர். பெயரிங்கை 'தாங்கி' ஆக்கி, படிவம் இப்படிக் கேட்டிருந்தது: 'கோரப்படும் தாங்கியின் சகிப்புத்தன்மை எத்தகையது?'

அவர் நீண்ட நேரம் யோசித்து 'சாதாரணமானது' என்று எழுதினார். எழுதும்போதே தவறு செய்கிறோம் என்று தெரிந்தது.

பதினேழாம் மாடியில் அதிகாரசபையின் நல்லிணக்கப் பிரிவு இருந்தது. நாலு வருடமாக நாலு உத்தியோகத்தர்கள் ஒரு கோப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் சகிப்புத்தன்மை சாதாரண மட்டத்தில்தான் இருக்கிறது என்ற கடிதம் அவர்களிடம் போனதும் பிரிவு முழுவதும் எழுந்து நின்றது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் செயலமர்வு ஏற்பாடாயிற்று. லோகேஸ்வரன் கட்டாயம் சமூகமளிக்க வேண்டும், சமூகமளிக்காவிட்டால் கோரிக்கை ரத்தாகும் என்று அறிவித்தார்கள்.

நாலு மதத் தலைவர்களும் வந்திருந்தார்கள். நால்வரும் சகிப்புத்தன்மை பற்றி நன்றாகவே பேசினார்கள். தேநீர் இடைவேளையில் ஐயர் லோகேஸ்வரனுக்குப் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, தாங்கி தாங்கி எண்டு சொல்லினம். அது கார் சில்லுக்குள்ள சுத்துற சாமான்தானே?"

"ஓம் ஐயா."

"அதுக்கு என்னத்துக்கு எங்களைக் கூப்பிட்டவை?"

"தெரியேல்லை ஐயா. வடை நல்லாயிருக்கு, சாப்பிடுங்கோ."

இரண்டாம் நாள் காலை மழை பிடித்தது. கடல் சாம்பல் நிறமாகி, தண்டவாளம் தெரியாத அளவுக்குப் பெய்தது. உள்ளே நாடகப் பயிற்சி நடந்தது. லோகேஸ்வரன் தாங்கியாக நடிக்க வேண்டும் என்றார்கள். கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தண்டாக நடுவில் நின்றார். லோகேஸ்வரன் கையை விரித்து அவரைச் சுற்றி வர, பயிற்றுநர், "தண்டு வித்தியாசமானது, ஆனாலும் தாங்கி அதை ஏற்றுக்கொள்கிறது, பாருங்கோ!" என்று கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். லோகேஸ்வரனின் சட்டைப்பைக்குள் போன் ஒன்பது தரம் அதிர்ந்து நின்றது.

பகல் சாப்பாட்டு நேரம்தான் எடுத்துப் பார்க்க முடிந்தது. ஒன்பதும் சீனியம்மா.

"ஐயா, ஒத்தப் பம்புதான் ஓடுது, தாக்குப் பிடிக்கலைங்க. அடுப்பக் கட்டில் மேல தூக்கி வெச்சிருக்கேன். மாவு மூட்டை நனைஞ்சு போச்சு. நீங்க எங்கங்க இருக்கீங்க?"

"வெள்ளவத்தையில, அம்மா."

"என்னாங்க செய்றீங்க?"

அவர் போனை வைத்தார். வெளியே ஓடி பஸ் பிடித்து, தண்ணீருக்குள் இறங்கி நடந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி. முதலாவது பம்ப் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்றார்.

செயலமர்வின் பின்னேர அமர்வுக்கு இல்லாதபடியால் அவருக்கு அரைச் சான்றிதழ்தான் தருவோம் என்றார்கள். பிறகு மனம் இரங்கி முழுதாகவே தந்தார்கள்.

ஜூனில் குழு மூன்று தரம் கூடியது. ஜூலையில் முடிவு வந்தது. இருப்பதிலேயே நுணுக்கமான இரண்டாம் வகுப்பு. 'இரண்டாம் வகுப்பு' என்றால் ரயில் பெட்டியைப்போல ஒலிக்கிறது என்று தலைவர் கவலைப்பட்டதால் குறிப்பில் 'உன்னத வகுப்பு' என்று எழுதினார்கள். இடைவெளி இருக்கக்கூடாது என்ற கணக்காய்வுப் பிரிவின் திருத்தமும் ஏகமனதாக ஏற்கப்பட்டது. இந்தப் பெயரிங் இந்தப் பம்பில் ஒரு மணித்தியாலம்கூட ஓடாது என்று லோகேஸ்வரன் இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினார். 'தங்களது கருத்து கருத்திற்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரிப் பதில் வந்தது.

அப்படியொரு பெயரிங்கை யாரும் கடைத் தட்டில் வைத்து விற்பதில்லை. சொல்லிச் செய்வித்து, அது விமானத்தில் வந்து இறங்கியபோது செப்டெம்பர் முடிந்துவிட்டது. பத்தொன்பதாம் மாடியில் வரவேற்பு விழா வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். எண்ணெய்க் கடதாசியில் காற்றுப் புகாமல் சுற்றி, முத்திரை ஒட்டி வந்த பெட்டியை நமசிவாயம் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தார்.

"சேர்!" என்று லோகேஸ்வரன் கூட்டத்துக்குள்ளிருந்து கத்திவிட்டார். "அதைப் பம்பில பூட்டுற நேரத்திலதான் திறக்க வேணும். ஒரு தூசி பட்டாலும் பழுது."

"மூடியே வைச்சிருந்தால் அதின்ர நுணுக்கம் ஆருக்குத் தெரியும், லோகேஸ்வரன்?"

பெயரிங்குக்கு சந்தனம் வைத்தார்கள். ஒரு சின்ன மல்லிகைச் சரமும் போட்டார்கள். பிறகு அது கைமாறிக் கைமாறி மண்டபம் முழுவதும் போயிற்று. ஒருவர் விரலில் போட்டுச் சுழற்றிப் பார்த்தார். இன்னொருவர் பற்றீஸ் சாப்பிட்ட கையால் எடை பார்த்தார். பர்ஹா வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆடவே இல்ல" என்று முதன்முறையாகச் சிரித்தாள். லோகேஸ்வரன் அதை வாங்கிப் பம்ப் வீட்டுக்குக் கொண்டுபோய் அரைநாள் கழுவினார். சந்தனம் போயிற்று, மல்லிகை வாசம் போகவில்லை. அதோடேயே பம்பில் பூட்டினார்.

ஒக்டோபர் பதின்மூன்றாந் தேதி பகல் ஒரு மணிக்கு மழை தொடங்கியது. லோகேஸ்வரன் இரண்டாவது பம்பின் சுவிட்சைப் போட்டார். ஒரு கால்மணித்தியாலம் பம்ப் அப்படியொரு அமைதியாக ஓடியது. சீனியம்மா சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, "ஐயா, ஓடுதுங்களா? சத்தமே காணலையே!" என்று கேட்டாள். அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை நான்தான் பிழையோ? பத்தொன்பதாம் மாடிக்கு ஏதோ தெரிந்திருக்கிறதோ?

நாற்பதாவது நிமிடத்தில் கையை வைக்க முடியாத சூடு. பிறகு எரிந்த எண்ணெய் மணம். பிறகு ஒரு கீச்சு. தண்டு இறுகி நின்றது.

அன்று பலாமரத் தோட்டத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் மிதந்தன. சீனியம்மாவின் இடியாப்பத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலால் வெளியே போயின. கட்டிலும் தண்ணீருக்குள் போனபடியால் அடுப்பை இம்முறை எங்கேயும் வைக்க முடியவில்லை. அவள் யாரையும் ஏசவில்லை. பம்ப் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஐயா, உங்களால ஒண்ணுமே செய்ய முடியாதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஏசியிருந்தால் லோகேஸ்வரனுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை ஏழரைக்கு அவர் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றின் முன் நின்றார். கடைக்காரர் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மொனவத ஓனே, அய்யே?"

லோகேஸ்வரன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் இலக்கத்தைச் சொன்னார். C3 என்றார். பழக்கதோஷத்தில், தர வகுப்பு என்னவென்று விளக்கவும் தொடங்கினார். கடைக்காரர் குழப்பத்துடன் அவரைப் பார்த்து, பம்புக்குத்தானே என்று கேட்டார். ஓம் என்றதும் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. லோகேஸ்வரன் தன் பையிலிருந்து காசைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நடைபாதையிலேயே நின்றார். மார்ச் முதல் ஒக்டோபர் வரை என்று நினைத்தார். அழவேண்டும்போல இருந்தது. பஸ் வந்ததால் ஏறிவிட்டார்.

பம்ப் வீட்டில் தண்ணீருக்குள் நின்று அதைப் பூட்டி முடிக்கப் பகலாயிற்று. பம்ப் தன் பழைய கரகரப்பான குரலில் ஓடத் தொடங்கியது. பின்னேரமாகும்போது தோட்டத்தில் நிலம் தெரிந்தது.

"எழுத வேண்டாம்" என்றான் நடந்ததைக் கேட்ட பற்றிக் போனில். "ஒரு சொல்லும் எழுதாதே மச்சான். பம்ப் ஓடுது, உன்னத வகுப்பு ஓடுது எண்டு அவங்க நினைக்கட்டும். நீ பேசாம பென்சனுக்குப் போ."

லோகேஸ்வரன் எழுதவில்லை. எரிந்த பெயரிங்கை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

பத்து நாள் கழித்து நமசிவாயம் குழுவோடும் புகைப்படக்காரரோடும் வந்து இறங்கினார். அந்தப் பம்ப் வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மூக்கை மூடலாமா என்று ஒரு கணம் யோசித்து, கமராவைக் கண்டு மூடாமல் விட்டார். ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"தெரியுது" என்றார். "அந்த நுணுக்கம் கைக்குத் தெரியுது. சாதாரணப் பெயரிங்கில இது வராது."

ஐந்து பேரும் வரிசையாகக் கையை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார்கள். பர்ஹா மட்டும் கோப்பால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தாள்.

"இந்த வெற்றியைத் தொடர்ந்து" என்று நமசிவாயம் கமராவைப் பார்த்துச் சொன்னார், "எங்கட மற்றப் பத்துப் பம்ப் வீட்டுக்கும் உன்னத வகுப்பே போடப்படும் எண்டு அறிவிக்கிறதில..."

லோகேஸ்வரனுக்குப் பத்துப் பம்ப் வீடும் தெரியும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பலாமரத் தோட்டம் இருப்பதும் தெரியும். பற்றிக் சொன்னது தெரியும். பென்சன் தெரியும். வாய் அதையெல்லாம் கேட்கவில்லை.

"சேர், உள்ளுக்க இருக்கிறது சாதாரணப் பெயரிங்."

அவர் லாச்சியைத் திறந்து நீலமாகக் கருகியிருந்த உன்னத வகுப்பை எடுத்து மேசையில் வைத்தார். நாற்பது நிமிடக் கதையைச் சொன்னார். பஞ்சிகாவத்தையையும் சொன்னார். சொல்லச் சொல்ல உடம்பு லேசானது. நமசிவாயம் பம்பிலிருந்து கையை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார்.

"நீங்கள் என்ன செய்திருக்கிறியள் எண்டு விளங்குதே? குழு ஏகமனதாய் எடுத்த முடிவு ஒண்டு இருக்கு. அதுக்கு மாறாய் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருக்கு."

"ஓடுது சேர். அதைத்தான் சொல்லுறன்."

"ஓடுறது பிரச்சினையில்லை. என்ன அதிகாரத்தில ஓடுது எண்டதுதான் பிரச்சினை."

"ஃபைல்ல இல்லாத பெயரிங்" என்றாள் பர்ஹா. "அதக் கழட்டணும் மாஸ்டர். ஃபைல்ல உள்ளதத் திரும்பப் போடணும்."

"அது எரிஞ்சு போச்சு மிஸ்."

"ஃபைல்ல எரியல்ல."

ஒரு கிழமைக்குள் பெயரிங்கைக் கழற்ற எழுத்தில் கட்டளை வந்தது. லோகேஸ்வரன் கழற்ற மாட்டேன் என்றார். அதனால் தலைமையகத்திலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் ஸ்பானர் பெட்டியுடன் வந்தபோது சீனியம்மாவும் தோட்டத்துப் பெண்கள் முப்பது பேரும் பம்ப் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை.

"உள்ள போகணுமா தம்பி?" என்று சீனியம்மா கேட்டாள். "போங்க. ஆனா அதக் கழட்டிட்டு, மழ வந்தா எங்க கூடவே இங்கயே இருக்கணும். பாய் தர்றோம். சம்மதமுங்களா?"

வந்தவர்களில் ஒருவர் வானத்தைப் பார்த்தார். வடக்குப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இருவரும் திரும்பிப்போய், பம்ப் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசியில் தலைமையகம் தனக்கேற்ற ஒரு வழியைக் கண்டது. பம்பைத் தொடுவதில்லை, பதிவேட்டைத் திருத்துவது. 'கொட்டாஞ்சேனை இரண்டாம் பம்ப்: அங்கீகரிக்கப்பட்ட தாங்கி இன்மையால் செயலிழந்துள்ளது' என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். லோகேஸ்வரனின் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். பத்துப் பம்ப் வீட்டுக்கான உன்னத வகுப்புக் கோரிக்கை நல்லிணக்கப் பிரிவில் நின்றது. பத்துப் போர்மன்களுக்கும் செயலமர்வு வைக்க மண்டபம் கிடைக்கவில்லையாம். லோகேஸ்வரனுக்கு வேறு எதுவும் ஆறுதலாக இருக்கவில்லை. அந்த மண்டபம் கிடைக்காமலிருந்தது ஆறுதலாக இருந்தது.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. செயலிழந்த பம்ப் மூன்று நாளும் ஓடியது. தோட்டத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. நாலாம் நாள் கடிதம் வந்தது.

'செயலிழந்துள்ளதாகப் பதிவேட்டில் காணப்படும் பம்ப் அமைந்துள்ள பகுதியில் நீர்மட்டம் குறைந்தமை அவதானிக்கப்பட்டுள்ளது. இதற்கான காரணத்தை எழுத்தில் சமர்ப்பிக்கவும்.'

லோகேஸ்வரன் பம்ப் வீட்டு மேசையில் இருந்து பேனாவை எடுத்தார். உண்மையை எழுத ஒரு பக்கம் போதும். எழுதினால் இம்முறை வாசலில் முப்பது பெண்கள் இல்லாத நேரம் பார்த்துக் கழற்ற வருவார்கள். அவர் பம்பின் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே வரி எழுதினார்: 'நீர் தானாகவே வடிந்தது.'

இருபத்தொன்பது வருடத்தில் அவர் கண்டிராத வேகத்தில், அடுத்த நாளே பதில் வந்தது. விளக்கம் முழுமையானது என்றும், தானாகவே வடியும் நீரை உருவாக்கிய முதலாவது அதிகாரசபை என்ற வகையில் இவ்விடயம் ஆண்டறிக்கையில் சேர்க்கப்படும் என்றும் நமசிவாயம் எழுதியிருந்தார்.

சீனியம்மா வாசலில் புதுத் தட்டுகளைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தில் என்ன என்று கேட்டாள். அவர் வாசித்துக் காட்டினார்.

"தானா வடிஞ்சுச்சாங்க?" அவள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். "அப்போ நீங்க எதுக்குங்க இங்க இருக்கீங்க?"

"அதையும் ஒரு நாளைக்குக் கேட்டு எழுதுவினம், அம்மா" என்று சொல்லிவிட்டு லோகேஸ்வரன் கிறீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.